அம்மாவின் சேலையில் கத்தரி வைக்கும் முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

அம்மா 2021-இல் தவறிய பிறகு பீரோவில் இருந்த சேலைகளை அக்காவும் நானும் பிரித்து எடுத்துக்கொண்டோம். என் பங்குக்கு மூன்று பருத்திச் சேலைகள் வந்தன. மெரூன் சுங்குடி ஒன்று, வெள்ளையில் ஊதாக் கட்டம் போட்ட கைத்தறி ஒன்று, அம்மா வீட்டில் அன்றாடம் கட்டிய வெளிர் மஞ்சள் ஒன்று. இரண்டு வருடம் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், பாட்டியின் சேலையிலேயே அவளுக்கு ஒரு க்வில்ட் தைத்துத் தர வேண்டும் என்று ஆசை வந்தது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மேல்துணி செய்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் க்வில்ட். வீட்டில் இருபது வருடமாகத் தையல் மெஷின் இருக்கிறது, ஜாக்கெட் தைக்கத் தெரியும். எல்லாம் நேர்த்தையல்தானே, இதிலென்ன என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பில் நாலு மாதமும் 5,490 ரூபாயும் போயின. பணமாவது பரவாயில்லை, சேலைகள் திரும்ப வராது. ஞாபகத்துக்காக வைத்திருக்கும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போது யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்கள் வெட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தப்பு துணி வாங்கியதிலேயே நடந்தது. நான் இருப்பது திருப்பூருக்குப் பக்கத்தில். பனியன் கம்பெனிகளில் கட்டிங் போக மிஞ்சுகிற துண்டுகள் இங்கே கிலோக் கணக்கில் கிடைக்கும். அம்மாவின் சேலை மட்டும் பத்தாது, இடையிடையே வேறு நிறங்களும் வேண்டும் என்று கிலோ 70 ரூபாய்க்கு ஆறு கிலோ வாங்கி வந்தேன். நிறமெல்லாம் அவ்வளவு அழகு. ஆனால் வெட்டும்போதே ஓரம் சுருண்டுகொண்டது. தைக்கும்போது பனியன் துண்டு இழுபட்டு நீண்டது, பக்கத்தில் வைத்த சேலைத் துண்டு அசையாமல் நின்றது, இரண்டும் சேர்ந்த இடம் அலை அலையாக எழும்பியது. பனியன் துணி பின்னல் துணி. வளையம் வளையமாகப் பின்னியிருப்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். சேலை, வேட்டி, பாப்லின், டூ பை டூ எல்லாம் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நெய்த துணி, அது நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவே வேண்டாம். துண்டுத் துணி வாங்கும்போது நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி கொடுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். அதைவிட நல்ல வழி, தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்காவிடம் ஒரு பையைக் கொடுத்து வைப்பது. ஜாக்கெட் வெட்டிய மிச்சம் ஒரு மாதத்தில் பை நிறையச் சேரும். அதில் காட்டனை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது ஆறு கிலோ வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது அளவு. கட்டிலுக்கு 90-க்கு 100 அங்குலம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டினால் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலில் போய் நாலரை அங்குலம் நிற்கும். வரிசைக்கு 20 துண்டு, 22 வரிசை, ஆக மொத்தம் 440 துண்டு. இதற்கென்றே உருளும் கத்தி, அடியில் போடும் மேட், அகலமான கண்ணாடி ஸ்கேல் மூன்றும் வாங்கியதில் 2,600 ரூபாய். வெட்டவே ஒன்பது நாள் பிடித்தது. வரிசைகளைத் தனித்தனியாகத் தைத்து முடித்துவிட்டு ஒன்றோடொன்று சேர்க்கப் போனால், ஒரு வரிசை 90 அங்குலம், அடுத்தது 88, இன்னொன்று 87-க்குக் கொஞ்சம் மேல். ஒரே சதுரம், ஒரே மெஷின், எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்கு இரவு தரையில் வரிசைகளைப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணம் சின்னது. ஒரு தையலில் அரை நூல் அதிகமாகப் பிடித்தால் இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, போகும். ஒரு வரிசையில் 19 தையல், 19 நூல், இரண்டே கால் அங்குலத்துக்கும் மேல். ஜாக்கெட்டில் அரை நூல் பிசகினால் உடம்பில் தெரியாது. ஒட்டுத்துணியில் ஒவ்வொரு பிசகும் அடுத்ததோடு சேர்ந்துகொண்டே போகும்.

இதற்கு மருந்து சுலபம். மெஷினில் ஸ்கேலை வைத்து, அதன் கால் அங்குலக் கோட்டில் ஊசியை இறக்குங்கள். ஸ்கேலின் ஓரம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் நாலைந்து பழைய விசிட்டிங் கார்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டேப்பால் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த அட்டையை உரசிக்கொண்டே போனால் தையல் கால் அங்குலத்தில் நிற்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து அயர்ன் செய்து, நடுப்பட்டையை அளக்க வேண்டும். மிகச் சரியாக ஒரு அங்குலம் இருந்தால் நீங்கள் துணி வெட்ட ஆரம்பிக்கலாம். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல்தான் 440 துண்டு வெட்டினேன்.

பழைய சேலை என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மஞ்சள் சேலையை எடுத்துத் தைத்தபோது சில துண்டுகள் தையல் ஓரத்திலேயே கிழிந்தன. தினமும் கட்டிய சேலையில் இடுப்புக்கு வருகிற பகுதியும் உட்காருகிற இடமும் நைந்து போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் அந்த இடங்கள் கொசுவலை மாதிரி தெரியும். அங்கெல்லாம் வெட்டவே கூடாது. உள்கட்டு, கொசுவத்தின் உள்பக்கம் இவையெல்லாம் அநேகமாகப் புதுசு போலவே இருக்கும்.

பாதிக்கு மேல் அளவை இழுத்துப் பிடித்துச் சமாளித்து மேல்துணியை ஒருவழியாக முடித்தேன். ஷீட்டாக வருகிற பாலியெஸ்டர் பஞ்சு மூன்று மீட்டர் 900 ரூபாய், அடித்துணி ஐந்தரை மீட்டர் 770 ரூபாய். மூன்றையும் அடுக்கி ஓரங்களில் மட்டும் குண்டூசி குத்தி மெஷினில் ஏற்றினேன். சுருட்டிய போர்வை மெஷினின் கை இடுக்கில் நுழையவே இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, நான் இழுத்து இழுத்துத் தைத்தேன். மெஷினில் அடியில் இருக்கிற பல் கீழ்த்துணியை இழுக்கும், மேலே இருக்கும் ஃபுட் மேல்துணியை அழுத்தித் தடுத்து நிற்கும். நடுவில் பஞ்சு வேறு. அதனால் திருப்பிப் பார்த்தபோது அடித்துணி முழுக்க மடிப்பு மடிப்பாகத் தைபட்டிருந்தது. 14-ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தன, மூன்றாவது உடைந்தபோது கீழே கொக்கியில் அடிபட்டு மெஷினே நின்றுவிட்டது. மெக்கானிக்குக்கு 650, ஊசிக்கு 150. ஓரத்தில் மட்டும் ஊசி குத்தியதும், இழுத்துத் தைத்ததும்தான் காரணம். நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி ஒவ்வொரு உள்ளங்கை அகலத்துக்கும் ஒரு ஊக்கு குத்த வேண்டும். தைப்பதும் நடுவிலிருந்துதான். துணியை மெஷின்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும், நம் கை வழி மட்டும் காட்டினால் போதும்.

இனி எழுதுவது எழுதவே கஷ்டமாக இருக்கிறது. கார்த்திகை முதல் வாரம் எப்படியோ ஓரம் கட்டி முடித்து, குண்டூசித் தடமும் சாக்பீஸ் கோடும் போகட்டும் என்று பெரிய வாளியில் சோப்புத்தூள் கரைத்து இரவு ஊறப்போட்டேன். காலையில் வாளியைப் பார்த்தால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. சுங்குடியின் சாயம். அம்மா அந்தச் சேலையை இரண்டு மூன்று முறைதான் கட்டியிருப்பார். ஒவ்வொரு முறையும் அதை மட்டும் தனி வாளியில் அலசி நிழலில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. வெள்ளைக் கைத்தறித் துண்டுகள் எல்லாம் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. பயத்தில் நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு, அவசர அவசரமாகப் பிழிந்து வெயிலில் காயப்போட்டுவிட்டேன். காயவிடாமல் அப்போதே நிறைய வெந்நீரில் சோப்புத்தூளோடு மூழ்கடித்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசியிருந்தால் சாயத்தில் பெரும்பகுதி வெளியே வந்திருக்கும். காய்ந்து பிடித்த சாயத்தை எடுப்பது பெரும்பாடு. புது அடித்துணியும் நனைக்காமலே தைத்ததால் சுருங்கி, போர்வை முழுக்கக் குண்டும் குழியுமாக ஆனது. மாடியில் கொடியில் தொங்கிய அதைப் பார்த்து, அம்மா இறந்த அன்றைக்கு அழுத மாதிரி அழுதேன். மகள் கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய பெட்ஷீட்தான் போனது.

பங்குனி வரைக்கும் மெஷின் பக்கமே போகவில்லை. எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது மூட்டையாகக் கட்டிவைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அளவு ஜாக்கெட் கூட இல்லாம மொதத் துணியிலயே கல்யாணப் பட்டுச்சேலைய வெட்டுவாங்களா? மொதல்ல ஒரு கரித்துணி தை. அது கோணலாப் போனாலும் சட்டி புடிக்கத்தானே" என்றார். அவருக்கு க்வில்ட் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் எனக்குக் கிடைக்காத வழி அந்த ஒரு பேச்சில் இருந்தது. மறுநாளே அவர் கடையிலிருந்து ஒரு பை நிறைய டூ பை டூ துணி மிச்சம் கொடுத்தனுப்பினார்.

கரித்துணியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பெரிய க்வில்ட்டில் இருக்கிற அத்தனை வேலையும் அந்த ஏழரை அங்குலத்துக்குள் இருக்கிறது. மூன்று அங்குலச் சதுரம் ஒன்பது வேண்டும், இரண்டு நிறம் போதும், ஐந்து அடர்த்தியாக, நாலு வெளிறினதாக. சதுரம் வெட்டக் கத்தியும் மேட்டும் வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அளவு வெட்டிவைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையும் ஆகும், ஆனால் பத்து முறை வரைந்ததும் ஓரம் தேய்ந்து அளவு குறையும். சதுரத்தின் ஓரம் இழை ஓடுகிற திசையிலேயே இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் கிராஸ் பீஸ் மாதிரி இழுபடும். மும்மூன்றாகத் தைத்து மூன்று வரிசை ஆக்குங்கள். அடுத்துதான் அயர்ன். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள், இரண்டாவதை இடப்பக்கம், மூன்றாவதை மறுபடி வலப்பக்கம். இப்போது வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தையல் சேருகிற இடத்தை விரல் நுனியால் நெருடிப் பாருங்கள். எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று முட்டி, பூட்டு விழுகிற மாதிரி உட்காரும். விரலுக்குத் தெரியும் அது. அங்கே ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். அதை முதல்முறை திருப்பிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துவதும் முக்கியம், இழுத்தால் சதுரம் கோணும்.

உள்ளே வைப்பது என்ன என்பதில் கவனம் வேண்டும். கரித்துணிக்கு ஷீட் பஞ்சு வைக்கவே கூடாது. அது பாலியெஸ்டர், சூட்டுக்கு இளகும், கையும் சுடும். பழைய காட்டன் டவலை இரண்டு மடிப்பாக வையுங்கள். மெஷினுக்கும் அதிக வேலை இராது, 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, நடுவிலிருந்து கோடு கோடாக ஓட்டினால் போதும். ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பின்பக்கம் தைத்து முன்பக்கம் திருப்பி அடித்துவிடலாம். எனக்கு முதல் கரித்துணிக்கு ஒரு முழு மாலை ஆனது. எட்டாவதை ஒரு மணி நேரத்தில் முடித்தேன். எட்டும் எங்கள் வீட்டிலும் என் கூடப்பிறந்த அக்கா வீட்டிலும் இன்னும் அடுப்படியில் கிடக்கின்றன. முதல் மூன்றைப் பார்த்தாலே எந்த வாரம் எதைக் கற்றேன் என்று தெரியும்.

அதற்குப் பிறகு டம்ளர் வைக்கும் சின்ன மேட் ஆறு. நடுவில் ஒரு சதுரம் வைத்து, ஒல்லியான பட்டைகளைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவது. லாக் கேபின் என்பார்கள். வீணாகப் போகிற ஒன்றரை அங்குலப் பட்டையெல்லாம் இதில் தீர்ந்துவிடும். பிறகு சாப்பாட்டு மேசைக்கு 12-க்கு 18 அங்குலத்தில் நாலு மேட். மூன்றடுக்கு நகராமல் நீளமாகத் தைக்க அதில்தான் பழகினேன். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கிற திருகு மெஷினின் தலையில் இருப்பதும், அதைத் தளர்த்தினால் மேல்துணி அவ்வளவாக நகராது என்பதும் இருபது வருடம் கழித்துத் தெரிந்தது. கடைசியாக முக்கோணத் துண்டு வைத்த 16 அங்குலக் குஷன் உறை. முக்கோணம் கொஞ்சம் படுத்தும், சாய்ந்த ஓரம் இழுபடுவதால். இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, அப்புறம் கோட்டிலேயே வெட்டினால் சாய்ந்த ஓரத்தைத் தனியாகத் தொடவே வேண்டியிருக்காது. இத்தனைக்கும் சேர்த்து எனக்கு நூலும் ஊசியுமாக 300 ரூபாய்கூட ஆகவில்லை.

சாயத்தை மட்டும் இப்போது ஒரு துண்டுக்குக்கூட விடுவதில்லை. எந்தத் துணி வந்தாலும் முதலில் அலசல். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு என்றால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்திப் பார்ப்பேன். வெள்ளையில் நிறம் இறங்கினால் மறுபடி அலசல், மூன்று முறைக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணி வெள்ளையோடு சேராது. கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அடர் சிவப்புத் துண்டொன்றை ஊறவைத்துப் பார்த்தேன், மறுநாளும் வெள்ளைத் துணியில் இறங்கியது. வெள்ளைத் துணிச் சோதனையை மட்டும் நம்புங்கள்.

என் அக்காவின் பேரனுக்கு 36-க்கு 36 அங்குலத்தில் ஒரு சின்னப் போர்வை தைக்கும்போது பஞ்சையே விட்டுவிட்டேன். நம் வெயிலுக்கு அந்த ஷீட் பஞ்சு வேர்த்துக்கொட்டும். நடுவில் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்தேன். மெத்தென்று இருக்கிறது, துவைத்தால் சீக்கிரம் காய்கிறது. வங்காளத்தில் காந்தா அப்படித்தான், பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் இருக்கிற சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்கிற போர்வையும் அந்த வகைதான். பழைய சேலையை அடியில் விரித்து, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, வெளி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். துண்டு எந்த அளவில் இருந்தாலும் அதில் இடமுண்டு, மூலைக்கு மூலை சேர வேண்டிய கட்டாயமே இல்லை. நைந்த சேலையை மெஷின் பல்லில் கொடுத்துக் கடிபட விட்டதற்குப் பதில் இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

போன ஆடியில் அந்தப் பழைய போர்வையைப் பிரிக்க உட்கார்ந்தேன். தையல் பிரிக்க மட்டும் பதினெட்டு நாள். சாயம் ஏறாத, கிழியாத மஞ்சள் துண்டுகள் 64 கிடைத்தன. வரிசைக்கு எட்டாக அடுக்கியபோது ஒரு துண்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இழையோட்டம் இருந்ததைப் பார்த்தேன். எதிலோ மாட்டிக் கிழிந்த இடத்தை அம்மா மஞ்சள் நூலுக்குப் பதில் வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டியிருக்கிறார். வெட்டும்போது அது என் கண்ணில் படவே இல்லை. அந்தத் துண்டை நடுவுக்குக் கொண்டுவந்து வைத்து, மீதியைச் சுற்றிக் கையால் வெள்ளை நூலிலேயே ஓட்டினேன். மகள் மடியில் போட்டுக்கொள்கிற அளவுக்குத்தான் வந்தது. ஆவணியில் அனுப்பினேன். பார்சலைப் பிரித்ததும் கூப்பிட்டவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு, "நடுவுல இருக்கறது அம்மாயி தையல்தானேம்மா" என்று கேட்டாள்.

சுங்குடியில் முந்தானையும் ஒன்றரை கஜமும் வெட்டாமல் மிஞ்சியிருக்கிறது. போன வாரம் தனி வாளியில் மூன்றாம் முறை அலசினேன். தண்ணீர் இன்னும் ரோஸ் நிறத்தில்தான் வருகிறது.